பழைய கார்: வீட்டுக்காரர் கைக்கு எது, மெக்கானிக் கைக்கு எது?

காஞ்சீபுரத்தில் முகூர்த்த நாள் காலை. காந்தி ரோட்டில் பட்டு எடுக்க வந்த கூட்டம். நடக்கவும் இடம் இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். வாசலில் ஒரு பழைய கார். வீட்டார் எல்லாரும் கல்யாணத்துக்குப் புறப்பட்டு ஏறி உட்கார்ந்து விட்டார்கள். சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வண்டி அசையவில்லை.

"தள்ளுங்கள்" என்கிறார் மாமா. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர் தள்ளுகிறார்கள். "இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடு என்று எத்தனை தடவை சொன்னேன்" என்கிறாள் அத்தை.

தெருக்கோடியில் இருந்து மெக்கானிக் வருகிறார். முன்மூடியைத் தூக்குகிறார். பாட்டரியின் முனை வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கிறது. அதைச் சுரண்டி, முறுக்கி விடுகிறார். வண்டி கிளம்பி விட்டது. வேலை ஐந்து நிமிஷம்.

மெக்கானிக் கூலி வாங்கியதில் தப்பு இல்லை. அது அவர் தொழில். அந்தப் பூப்பு ஒரு நாளில் வந்தது அல்ல. மாதக்கணக்கில் வளர்ந்தது. அத்தனை நாளும் வீட்டில் ஒருவர்கூட முன்மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லையே, அதுதான் தப்பு.

தறிக்காரருக்குத் தெரியாததா?

இந்த ஊருக்கு இது புதுப் பாடம் அல்ல.

தறியில் உட்கார்ந்திருக்கும்போது பாவில் ஓர் இழை அறுந்தால், நெசவாளி யாரையும் கூப்பிட ஓடுவது இல்லை. தானே இழையைத் தேடி எடுத்து, விழுதிலும் அச்சிலும் கோத்து முடிந்து கொள்கிறார். நாடா சரியாக ஓடாவிட்டால் தானே பார்க்கிறார். மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

எல்லா வேலையையும் அவரே செய்வதும் இல்லை. புதுப் பாவைப் பழைய பாவோடு பிணைக்க அதற்கென்று கைப்பழக்கம் உள்ளவர்கள் வருகிறார்கள். ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை அடிப்பவர் வேறு. எது தன் வேலை, எது அடுத்தவர் வேலை என்ற கோடு தறிக்காரர் மனதில் தெளிவாக இருக்கிறது.

பழைய காருக்கும் அந்தக் கோடுதான் வேண்டும். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று முழுக்கக் கை கழுவுகிறவர் பணத்தை இழக்கிறார். "எல்லாம் எனக்குத் தெரியும்" என்று பிரேக்கைக் கழற்றுகிறவர் உயிரையே இழக்கக்கூடும்.

கார் செய்யும் சீமை

காஞ்சீபுரத்தைச் சுற்றிய பகுதி கார் செய்யும் பகுதி. இது இன்று நேற்று வந்த பெருமை அல்ல.

வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. காஞ்சீபுரமும் பெருங்களத்தூரும் அப்போது ஒரே செங்கற்பட்டு மாவட்டம். 1961-ல் அங்கிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வெளிவந்தது. அந்தக் காரின் முன்பாகம் முழுவதும், மட்கார்டு உள்பட, ஒரே மூடியாக முன்னால் சாயும். என்ஜின் மட்டும் அல்ல, முன் சக்கரத்தின் மூட்டு வரை கண்ணுக்குத் தெரியும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். வீட்டுக்காரரும் கை வைக்கட்டும் என்று நினைத்துச் செய்தது போன்ற வண்டி அது. 1988-க்குப் பிறகு அந்தக் கம்பெனி கார் செய்யவில்லை.

வங்காளத்தில் உத்தரபாராவில் செய்த அம்பாசடர் 2014 மே மாதம் நின்றது. பம்பாய் குர்லாவில் செய்த பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே போய் விட்டது. மாருதி 800 வந்தது 1983-ல். நின்றது 2014-ல்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் ஆலையில் இருந்து சான்ட்ரோ வந்தது. அன்று புதுமை. இன்று அதுவும் பழைய கார். ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான் ஆலை தொடங்கியது. அன்று காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருந்த மறைமலைநகரில் போர்டு ஆலை ஓடியது. 2022-ல் அங்கே கார் செய்வது நின்றது. ஆனால் அந்த ஆலையில் பிறந்த வண்டிகள் நிற்கவில்லை. ஊரெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கம்பெனி போனாலும் வண்டி இருக்கிறது. அதைப் பேணுவது யார்?

பாட்டரியில் தொடங்கலாம்

ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் போதும். வெயில் ஏறும் முன், என்ஜின் ஆறி இருக்கும்போது பார்க்க வேண்டும்.

பாட்டரி முனையில் பூத்திருப்பது அமிலத்தின் வேலை. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கரைந்து விடும். சோடாத் தண்ணீர் பாட்டரிக்கு உள்ளே போகக் கூடாது. வயரைக் கழற்றும்போது முதலில் கழற்ற வேண்டியது வண்டியின் உடம்போடு சேர்ந்த வயர். இன்றைய கார்களில் அது கழித்தல் குறி போட்ட முனை. மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும்.

ஏன் இந்த வரிசை? மற்ற முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து விடும். ஸ்பானர் பழுக்கும். கை வெந்து விடும். உடம்பு வயரைக் கழற்றிவிட்ட பிறகு ஸ்பானர் எங்கே பட்டாலும் கவலை இல்லை.

சுத்தம் செய்து மாட்டிய பின் முனையில் வாசலைன் தடவினால் மறுபடியும் சீக்கிரம் பூக்காது. மூடி உள்ள பாட்டரியானால் அளவுக் கோடு வரை டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடவே கூடாது. பாட்டரியில் இருந்து வருவது தீப்பிடிக்கும் வாயு.

தண்ணீர், ஆயில்

என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பெரிய ஆபத்து. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. பிரஷர் குக்கரைப் போலத்தான். அழுத்தம் இருக்கும் வரை கொதிக்காமல் இருந்த தண்ணீர், மூடி திறந்த கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரம் காத்திருப்பதால் குடி முழுகாது.

கிணற்று உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் அடைக்கும். கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் கலந்து ஊற்றுவதே சரி.

ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஆயில் நிற்க வேண்டும். கருப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். பாலும் காப்பியும் கலந்த நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

மாற்றி எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தச் சாக்கடை கடைசியில் வேகவதி ஆற்றுக்குத்தான் போகிறது. பழைய டின்னில் ஊற்றி ஒர்க்ஷாப்பில் கொடுத்தால் அவர்கள் சேர்த்து அனுப்புவார்கள்.

பாயிண்டும் பிளக்கும்

அம்பாசடர், பத்மினி போன்ற பெட்ரோல் வண்டிகளை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி இன்பம் இருக்கிறது. அந்த வண்டிகள் கையால் திருத்தக் கூடியவை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் பாயிண்டு தெரியும். பழைய அம்பாசடரில் பாயிண்டு திறந்து நிற்கும் இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் சுமார் 15 பங்கு. மில்லிமீட்டர் கணக்கில் 0.38. பிளக் முனைக்கு சுமார் 25 பங்கு. இதை அளக்க மெல்லிய தகடுகள் கொண்ட பீலர் கேஜ் கடையில் கிடைக்கும். பட்டு இழையை விரலால் தடவியே முறுக்கு எப்படி என்று சொல்லும் ஊரில் இந்த நுட்பம் யாரையும் மிரட்டாது.

ஒன்று நினைவில் இருக்க வேண்டும். பிளக் வயர்களை ஒரே நேரத்தில் எல்லாம் பிடுங்கக் கூடாது. இந்த வண்டிகளில் நெருப்பு எரியும் வரிசை 1, 3, 4, 2. வயர் மாறினால் வண்டி உதறும், அல்லது கிளம்பாது. ஒரு வயரைக் கழற்றி, அந்த பிளக்கைத் துடைத்து மாட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

கத்திரி வெயிலில் பழைய அம்பாசடர் நடு ரோட்டில் நின்றால், டிரைவர் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணி போடுவதைப் பலர் பார்த்திருக்கலாம். அது மந்திரம் அல்ல. என்ஜின் சூட்டில் குழாயில் உள்ள பெட்ரோல் ஆவியாகி விடுகிறது. பம்பால் ஆவியைத் தள்ள முடியாது. துணி குளிர்ந்தால் ஆவி மறுபடி பெட்ரோல் ஆகும். துணி விசிறியில் சிக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். திருவிழாக் கூட்டத்தில் ஊர்ந்து போகும் வண்டிக்கு இது அடிக்கடி நேரும்.

பெட்ரோல் மாறி விட்டது

பழைய வண்டிக்காரர்கள் அனைவரும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது.

பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயப் பொருள் கலக்கப்படுகிறது. 20 விழுக்காடு கலக்கும் இலக்கை நாடு 2025-ல் எட்டியது. கரும்பு விவசாயிக்கு வருமானம், அன்னியச் செலாவணி மிச்சம் என்று சர்க்கார் காரணம் சொல்கிறது. அந்தக் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 1970-ல் செய்த ரப்பர் குழாய்க்கு அந்தக் காரணம் தெரியாது.

எத்தனால் பழைய வகை ரப்பரை ஊதி மெத்தென்று ஆக்கும். பிறகு வெடிக்கச் செய்யும். ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரும்பு டாங்கியில் துரு ஏறும். டாங்கியில் வருஷக்கணக்காகப் படிந்த கசடைக் கிளப்பி வடிகட்டியை அடைக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் இந்தக் கெடுதல் கூடும்.

ஆகவே பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றி விடுவது நல்லது. விலை அதிகம் இல்லை. மாற்றும் வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட வேண்டும். வீட்டுக்காரர் வேலை, மூக்கால் பார்ப்பது. காலையில் முன்மூடியைத் தூக்கியதும் பெட்ரோல் வாசனை வந்தால் சாவியைத் தொடக் கூடாது. சூடான என்ஜின் மேல் சொட்டும் பெட்ரோலால் கார் எரிந்து போகும்.

தேருக்கு முட்டுக்கட்டை

காஞ்சியில் தேர் பார்த்துப் பழகியவர்களுக்கு முட்டுக்கட்டை போடுகிறவரின் அருமை தெரியும். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், தேரை நிறுத்துவது சக்கரத்தடியில் கட்டை போடும் அந்தச் சிலர்தான். திருச்சி பெல் நிறுவனம் பல கோவில் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்திருக்கிறது. ஆனாலும் முட்டுக்கட்டை போகவில்லை.

காரை ஜாக்கி போட்டுத் தூக்கும்போதும் அதே கதைதான். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். ஜாக்கி என்பது சக்கரம் மாற்ற மட்டும். ஜாக்கி தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது. செங்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவதும் தற்கொலைக்குச் சமம். செங்கல் சொல்லாமல் நொறுங்கும்.

டயர் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். மாதம் இரண்டு தடவை மட்டும் ஓடும் வண்டியின் டயர் தேயாது. பள்ளம் ஆழமாகவே இருக்கும். சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டரைவிட மேலேயே இருக்கும். ஆனால் ரப்பர் வயதாகிக் காய்ந்து, பக்கவாட்டில் மயிர்க்கோடு போல வெடித்திருக்கும். டயரின் பக்கத்தில் நாலு எண் அச்சிட்டிருப்பார்கள். 2314 என்றால் 2014-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. அந்த டயரைப் போட்டுக்கொண்டு பெங்களூர் நெடுஞ்சாலையில் பிள்ளைகுட்டிகளோடு வேகமாகப் போகலாமா?

பிரேக் ஆயிலின் அளவை வீட்டுக்காரர் பார்க்கலாம். குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது பிரேக் கட்டை தேய்ந்து விட்டது. சும்மா ஊற்றி நிரப்பிவிட்டுப் போகக் கூடாது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த ஆயில் சூட்டில் கொதித்தால் மிதி மெத்தென்று தரை வரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் மாற்ற வேண்டும். அது மெக்கானிக் வேலை. ஸ்டியரிங், ஏர்பேக், சான்ட்ரோ போன்ற வண்டிகளில் அழுத்தத்தில் ஓடும் பெட்ரோல் குழாய், டைமிங் பெல்ட், இவை எல்லாம் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். டைமிங் பெல்ட் ரப்பர். அறுந்தால் என்ஜினுக்குள்ளே சேதம் ஆகும். எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்று கையேட்டில் இருக்கிறது. வீட்டுக்காரர் செய்ய வேண்டியது கணக்கு வைத்திருப்பது.

நாற்பது பக்க நோட்டு

கணக்குக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றியது, எவ்வளவு செலவு. பள்ளிக்கூடம் போகும் பெண் எழுதலாம். முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டிக் கற்ற பாட்டியும் எழுதலாம். நோட்டு உள்ள வீட்டில், ஆறு மாதத்துக்கு முன் மாற்றிய பிளக்கை மறுபடி மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த ஊரில் இன்னொரு கவனம் தேவை. பட்டு நெய்யும் கையில் கிரீஸ் இருந்தால் சேலை போயிற்று. ஒரு விரல் கறையில் பல நாள் உழைப்பு வீணாகும். கார் வேலையைத் தறி நிறுத்திய பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். நகக்கண் வரை கழுவிய பிறகே பாவைத் தொட வேண்டும்.

சர்க்கார் என்ன செய்ய வேண்டும்?

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு கடந்த காருக்கு 2025-ல் 10,000 ரூபாய் ஆக்கினார்கள். சர்க்காரின் சொந்த வண்டிகளுக்கு 15 ஆண்டுதான் ஆயுள் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது.

ஓட்டை வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது என்பது நியாயம். புகை கக்கும் வண்டியை நிறுத்துவதும் நியாயம். ஆனால் வண்டியின் தகுதியைச் சோதனையில் பார்க்க வேண்டுமே தவிர, பிறந்த வருஷத்தில் பார்க்கக் கூடாது. பேணிய முப்பது வருஷ வண்டி நன்றாக நிற்கும். பேணாத பத்து வருஷ வண்டி பிரேக் பிடிக்காது. கட்டணத்தை ஏற்றுவதால் பிரேக் சரியாகி விடாது.

கட்டணம் வாங்கும் சர்க்கார் கல்வியும் கொடுக்கலாம். மாவட்டத்தில் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. மோட்டார் மெக்கானிக் பாடமும் கருவிகளும் ஆசிரியர்களும் அங்கே தயார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கொட்டகைகள் பூட்டிக் கிடக்கின்றன. மாதம் ஒரு ஞாயிறு, பொதுமக்களுக்கு நாலு மணி நேர வகுப்பு நடத்தினால் என்ன? டயர் மாற்ற, பாட்டரி பார்க்க, சூடான ரேடியேட்டரைத் தொடாமல் இருக்க நாலு மணி நேரம் போதும். கார் ஓட்டும் பெண்கள் பெருகி விட்டார்கள். அவர்களுக்குத் தனி வகுப்பு வைத்தால் கூட்டம் நிச்சயம் வரும்.

கார் கம்பெனிகளுக்கும் ஒரு வேலை உண்டு. இந்த மண்ணில் ஆலை வைத்து, இந்த மண்ணின் பிள்ளைகள் கையால் கார் செய்கிறார்கள். அந்தக் காரோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைக் கைப்பெட்டியில் வைத்துப் பூட்டி, விற்கும் நாளில் புது மெருகு கலையாமல் அடுத்தவரிடம் கொடுக்கிறார்கள். படித்தவர் யார்? பிரேக், டயர், பாட்டரி, தண்ணீர், ஆயில் பற்றிய முப்பது பக்கத்தைப் பெரிய எழுத்தில், படத்தோடு, தமிழில் அச்சிட்டுக் கொடுக்க ஒரு காரின் விலையில் எத்தனை பங்கு ஆகி விடும்? நின்று போன மாடல்களுக்கும் அந்தப் புத்தகம் வேண்டும். அவற்றை வைத்திருப்பவர்களுக்குத்தான் அது முதலில் வேண்டும்.